புற்றுநோய்க்கு இன்னொரு டாக்டரின் கருத்து: எப்படிக் கேட்பது, எதை எடுத்துப் போவது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால் உடனே இரண்டு பேச்சு எழும். "இன்னொரு டாக்டரிடமும் காட்டிப் பார்ப்போமா?" "காட்டினால் இந்த டாக்டர் கோபித்துக்கொள்வாரே?" என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது இந்த வேலை முழுவதையும் நான்தான் அலைந்து செய்தேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பஸ், கவுண்டர், நம்பர் எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: முதல் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள்

மறைத்துப் போனால் அடுத்த டாக்டருக்கான பரிந்துரைக் கடிதமும் கிடைக்காது, ரிப்போர்ட்டும் முழுதாகக் கைக்கு வராது. நோயாளி எந்தக் கட்டத்திலும் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம் என்று உலக மருத்துவச் சங்கம் 1981 லிஸ்பன் பிரகடனத்தை 1995இல் திருத்தியபோதே சொல்லிவிட்டது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. நாங்கள் சொன்னது இப்படித்தான்: "டாக்டர், நீங்கள் சொன்ன சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிவெடுக்கும் முன் இன்னொரு நிபுணரையும் கேட்க விரும்புகிறோம். கடிதம் தர முடியுமா?" மலாயில் கேட்பது சுலபம் என்றால்: "டாக்டர், சாயா நாக் டாபாட்கான் பெண்டாபாட் கெடுவா. போலே பெரி சூராட் ருஜுக்கான்?"

கையோடு இதையும் கேளுங்கள்: "சிகிச்சை எத்தனை வாரம் பொறுக்கும்?" கட்டியாக வரும் பல புற்றுநோய்களுக்குச் சில வாரம் பொறுப்பதால் பெரிய கெடுதல் வராது. கடும் இரத்தப் புற்றுநோய், முதுகுத்தண்டு அழுந்திக் கால் பலமிழப்பது, மூச்சுக்குழாய் அடைப்பு போன்றவற்றில் காத்திருக்கக் கூடாது. அங்கே சிகிச்சைதான் முதலில். எப்படியிருந்தாலும், ஏற்கெனவே கொடுத்த தேதியை ரத்து செய்யாதீர்கள்.

படி 2: காகிதம் மட்டும் போதாது

எனக்கு அதிக நாள் இழுத்தது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்தது ஓரிடம், அதைப் பரிசோதித்த ஆய்வகம் வேறொரு ஊர், ஸ்கேன் எடுத்தது ஒரு தனியார் மையம். எந்தக் கவுண்டரில் கேட்டாலும் "இங்கே இல்லை" என்ற பதில்தான். வழி இதுதான்: எச்.பி.இ. ரிப்போர்ட்டின் (எடுத்த சதையைப் பரிசோதித்த ரிப்போர்ட்) தலைப்பில் ஆய்வகத்தின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த ஆய்வகத்தில் அந்த எண்ணைச் சொல்லி, சதையை வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேளுங்கள். "ஸ்லைடு, பாராஃபின் பிளாக்" என்றால் அவர்களுக்குப் புரியும். சில ஆய்வகங்கள் மெழுகுக் கட்டியைத் தராமல் அதிலிருந்து புதிதாக வெட்டிய ஸ்லைடு தரும், அதுவும் சரிதான். கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

ரிப்போர்ட்டில் இருப்பது முதல் நிபுணர் கண்டதை எழுதிய வார்த்தைகள். இரண்டாவது நிபுணர் அதே சதையைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அது தனிக் கருத்து. மார்பகப் புற்றுநோயில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்ற மூன்றையும் வைத்துத்தான் மருந்தே முடிவாகும். ஹெர்2 "2+" என்று வந்தால் அது ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஃபிஷ் (ஹெர்2 மரபணுவையே பார்ப்பது) போன்ற இன்னொரு பரிசோதனை செய்தாக வேண்டும்.

ஸ்கேன் படங்களை சி.டி. தட்டில் பதிந்து வாங்குங்கள். ஃபிலிமைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது உதவாது. காகிதங்களுக்கு நான் எப்போதும் தேதி வரிசையில் ரிங் ஃபைல்தான் வைப்பேன். டாக்டருக்கு இருக்கும் சில நிமிடத்தில் போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று. ரிப்போர்ட் கேட்கும் பாரத்தில் நோயாளி கையெழுத்திட வேண்டும். நீங்கள் போய் வாங்குவதென்றால் அவருடைய அனுமதிக் கடிதமும் இருவரின் ஐ.சி. (அடையாள அட்டை) நகலும் வேண்டும். அதனால் "அம்மாவுக்குச் சொல்லாதீங்க டாக்டர்" என்பது இங்கே நடக்காது, நடக்கவும் கூடாது. பெரியம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். தன் உடம்பைப் பற்றிய சேதியைக் கேட்க அவருக்குத் தெம்பு உண்டு.

படி 3: இரண்டாவது டாக்டர் முன்னால்

பினாங்கு மருத்துவமனை, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், புத்ராஜெயாவில் 2013இல் திறந்த தேசியப் புற்றுநோய் மையம் எல்லாம் கடிதத்தோடு போகக்கூடிய இடங்கள். தனியாரில் தேதி சீக்கிரம் கிடைக்கும், செலவு கூடும்.

மொழிபெயர்க்க ஒருவர் போதும். டாக்டர் "வலி இருக்கா?" என்று கேட்டால் நோயாளிதான் பதில் சொல்ல வேண்டும், மருமகன் அல்ல. டாக்டர் சொன்னதைப் பெரியம்மா தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வார், அதை நான் டாக்டருக்குச் சொல்வேன். எங்கே புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். பெலாலாய் காஜா இலைச் சாறு, டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலை என்று எது குடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும்.

கேள்விகளை நோட்டில் எழுதிப் போங்கள். நோயின் பெயரும் கட்டமும் உங்களுக்கும் சரியாகப் படுகிறதா? சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா? இங்கே பார்த்ததில் எது முதல் டாக்டரின் முடிவை மாற்றும்?

படி 4: திரும்பிப் போங்கள்

இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கடிதமாக வாங்கி முதல் டாக்டரிடம் காட்டுங்கள். இருவரும் வேறு வேறு சொன்னால் பயப்படாமல், நோயிலா, சிகிச்சையிலா, வரிசையிலா வேறுபாடு என்று கேளுங்கள். ஒருவர் அறுவை முதலில் என்பார், இன்னொருவர் கீமோ முதலில் என்பார். ஹெர்2 பாசிட்டிவாக இருந்து கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலும் கீமோவை முதலில் கொடுப்பது இப்போது வழக்கம். காரணம் தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம்.

பின்னர் சேர்த்தது: பீடோரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார், ஸ்கேன் சி.டி. இரண்டாவது டாக்டரின் கணினியில் திறக்கவில்லையாம். வாங்கும்போதே "டைகாம்" (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) கோப்புகளாகக் கேட்டு, பென் டிரைவில் ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி சேர்த்தது: ஸ்லைடில் உள்ள பெயரும் ஐ.சி. பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பக்கூடும். வாங்கிய இடத்திலேயே ஐ.சி. எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கிளம்புங்கள்.