அத்திவாரம் போடுமுன் கல்லுக்குள் பொந்து தேடுதல்: ரேடாரால் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செம்மண்ணைச் சற்றுத் தோண்டினாலே சுண்ணக்கல் வந்துவிடும். மழைநீர் காலங்காலமாகக் கரைத்த கல் அது. உள்ளே வெடிப்பும் பொந்தும் குகையும் உண்டு. புத்தூர் நிலாவரைக் கிணறும் அப்படி உருவானதே. 20க்கு 25 மீற்றர், அதாவது ஏறத்தாழ 2 பரப்புக் காணியை மாடி வீட்டுக்காக, நிலத்துக்குள் அலை அனுப்பி எதிரொலியைப் பதியும் ரேடாரால் பார்க்கும் முறை கீழே.

முதலில் ஒன்று. ரேடார் ஆழத்தை அளப்பதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. அலை போய்த் திரும்பிய நேரத்தை வேகத்தால் பெருக்கி 2ஆல் வகுத்தால் தூரம் வரும். காற்றில் வேகம் நனோசெக்கனுக்கு 0.3 மீற்றர் என்பதால் வானத்தைப் பார்க்கும் ரேடாருக்கு இந்தக் கணக்கில் தலையிடி இல்லை.

நிலத்துக்குள் வேகமே மாறுகிறது: உலர்ந்த மணலில் 0.15, சுண்ணக்கல்லில் 0.10 முதல் 0.12, நீர் நிறைந்த மணலில் 0.06, தண்ணீரில் 0.033. வேகம் பிழைத்தால் எவ்வளவு தெளிவான படமும் பிழையான ஆழத்தையே சொல்லும்.

படி 1: காணி பொருத்தமா?
முன்பு உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணியென்றால், கண்ணிவெடி அகற்றியதற்கான சான்று இல்லாமல் கால் வைக்க வேண்டாம். தீவுப்பகுதியிலும் கடலோரத்திலும் உவர்நீர் மேலேயே நின்றால் இந்த வேலையையே எடுக்காதீர்கள். உப்புநீர் அலையை விழுங்கிவிடும். அங்கே மின்தடை அளவீடு உதவும். ஈரச் செம்மண்ணும் அலையைத் தின்னும். ஆனி, ஆடி, ஆவணி நல்லது. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்.

படி 2: கருவியை அமைத்தல்
250 மெகாஹேர்ட்ஸ், மேற்புறம் மறைப்பிட்ட அன்ரனா போதும். 4 மீற்றர் ஆழம் வேண்டுமென்றால் அலை போய்த் திரும்ப 2 × 4 ÷ 0.1 = 80 நனோசெக்கன். மூன்றிலொரு பங்கு கூட்டிப் பதிவு நேரத்தை 105 என்று வையுங்கள். 2 சென்ரிமீற்றருக்கு ஒரு பதிவு. தூரம் அளக்கும் சக்கரத்தை 20 மீற்றர் நாடாவோடு ஓட்டிச் சரிபார்க்கவும்; மணலில் அது வழுக்கும்.

படி 3: வேகம் எடுத்தல்
அவசரப்படக் கூடாத இடம் இதுதான். காலையில் மோட்டர் போடுமுன் கிணற்றில் நீர்மட்டத்தை அளந்து, கிணற்றுக்கட்டின் உயரத்தைக் கழியுங்கள். பலரும் கழிக்க மறந்து முக்கால் மீற்றர் பிழையோடு போகிறார்கள். பிறகு கிணற்றிலிருந்து 3 மீற்றர் தள்ளி ஒரு கோடு இழுங்கள். நீர்மட்டம் 3.2 மீற்றரில் இருந்து, அதன் எதிரொலி 58 நனோசெக்கனில் வந்தால், 2 × 3.2 ÷ 58 = 0.11. அதுதான் உங்கள் காணியின் வேகம்.

படி 4: இழுத்தல்
அரை மீற்றருக்கு ஒரு கோடு, நீளவாக்கிலும் குறுக்கிலும். மொத்தம் 2 கிலோமீற்றர் நடை. அன்ரனா நிலத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் அலை உள்ளே இறங்காமல் மேலேயே சிதறும். புல்லை முதலே செதுக்கிவிடுங்கள். மலசலகூடக் குழி, பனை, மதில், மின்கம்பி எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்கவும்.

படி 5: படத்தைச் சுத்தம் செய்தல்
தொடக்க நேரத்தைச் சரிசெய்து, ஆழத்துக்கேற்ப எதிரொலியைப் பெருக்குங்கள். கிடைக்கோடுகளை நீக்கும் வடிகட்டி கவர்ச்சியானது, ஆனால் செம்மண்ணும் கல்லும் சந்திக்கும் எல்லை மட்டமாக இருந்தால் அதையும் சேர்த்து அழித்துவிடும். வடிகட்டாத படத்தைப் பக்கத்தில் வைத்தே பாருங்கள்.

படி 6: வாசித்தல்
தனிப் பொருள் ஒவ்வொன்றும் கவிழ்த்த சட்டி போன்ற வளைவாகத் தெரியும். வளைவுக்கு 0.3 வேகம் பொருந்தினால் அது நிலத்துக்குள் இல்லை, பக்கத்துப் பனையோ மதிலோதான். 0.11 பொருந்தினால் மட்டும் மேலே போங்கள்.

இனி, பொந்தில் காற்றா தண்ணீரா? இரும்புக் குழாய் போவது தெரிந்த இடத்தில் ஒருமுறை இழுத்து, அதன் கறுப்பு வெள்ளைப் பட்டைகளின் வரிசையைக் குறித்து வையுங்கள். நீர் நிறைந்த பொந்தின் கூரை அதே வரிசையில் தெரியும், வெற்றுப் பொந்து தலைகீழாகத் தெரியும். உயரத்திலும் ஏமாறாதீர்கள். 0.11 என்ற வேகத்தில் வரைந்த படத்தில், 1 மீற்றர் உயரமான வெற்றுப் பொந்து 37 சென்ரிமீற்றராகச் சுருங்கும். அதே பொந்தில் தண்ணீர் நிறைந்தால், அடித்தளம் தெரியும் பட்சத்தில், 3.3 மீற்றராக நீளும்.

படி 7: துளையிட்டு உறுதிசெய்தல்
பொந்தென்று குறித்த இடத்தில் ஒரு துளை, ஒன்றுமில்லை என்று பட்ட இடத்தில் ஒரு துளை, இரண்டும் 5 மீற்றருக்கு. காசு மிச்சம் பிடிக்க இரண்டாவதை விட்டுவிடுவார்கள். ரேடார் தவறவிட்டது தெரிய வருவது அந்தத் துளையில்தான். முடிந்ததும் இரண்டையும் சீமெந்துக் கூழால் அடிவரை அடையுங்கள். திறந்து கிடந்தால் மேலுள்ள அழுக்கு நேரே குடிதண்ணீருக்குள் இறங்கும்.