குள்ளர் வீடும் மாவோரி வனமாந்தரும்: பழங்கதையில் வரலாற்றைத் தேடும் முறை

கொங்கு நாட்டில் கல்வட்டமோ (கல்லறையைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள்) கற்பதுக்கையோ (பலகைக் கற்களால் அமைத்த பழைய கல்லறை) உள்ள ஊர்களில், அவை குள்ளர்கள் குடியிருந்த வீடுகள் என்றோ பாண்டவர்கள் தங்கிய இடங்கள் என்றோ பெரியவர்கள் சொல்வதுண்டு. அத்தகைய கதையில் வரலாறு எவ்வளவு உள்ளது என்று ஆராய விரும்புவோர், முதலில் வேற்று நாட்டுக் கதை ஒன்றில் பழகிக்கொள்வது நல்லது. அங்கே ஊர்ப்பெருமை குறுக்கே வராது. நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரிகள், பட்டுபையரெஹெ எனும் வனமாந்தரைப் பற்றிச் சொல்லும் கதைகள் அதற்கு ஏற்றவை.

முதலில் கதையை விளக்கம் கலக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பட்டுபையரெஹெக்கள் வெளிர்நிறத் தோலும் செம்மயிரும் உடையவர்கள். பிரோங்கியா போன்ற மூடுபனி மலைகளில் வாழ்பவர்கள். பகல் வெளிச்சத்துக்கும் சமைத்த உணவுக்கும் செங்காவிக்கும் அஞ்சுபவர்கள். கஹுகுரா என்பவன் இருளில் அவர்களோடு சேர்ந்து வலை இழுத்து, மீன்களைக் கோக்கும் கயிற்றின் முடிச்சு நழுவும்படி செய்து விடியும்வரை தாமதப்படுத்தினான் என்றும், அவர்கள் விட்டோடிய வலையைப் பார்த்தே மாவோரிகள் வலை பின்னக் கற்றார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

அடுத்து, மூலக் கதையையும் பிற்காலத்தார் அதன்மேல் ஏற்றிய கருத்தையும் பிரித்துப் பாருங்கள். ஆளுநராக இருந்த ஜார்ஜ் கிரே 1855இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பில் இக்கதை இடம்பெற்றது. மாவோரிகளுக்கு முன்பே வேறோர் இனம் அங்கு வாழ்ந்து விரட்டப்பட்டது என்ற கருத்தைப் பரப்பியவர்களோ பெர்சி ஸ்மித், எல்ஸ்டன் பெஸ்ட் போன்ற பிற்கால ஐரோப்பிய எழுத்தாளர்கள். நியூசிலாந்துக்குக் கிழக்கேயுள்ள சாத்தம் தீவுகளின் பழங்குடிகளான மொரியோரிகளே அந்த முன்னினத்தின் எச்சம் என்று நம்பப்பட்டபோது, அவர்களும் மாவோரிகளைப் போலவே பசிபிக் தீவுகளின் பொலினீசிய இனத்தவரே என்று மானிடவியலாளர் எச். டி. ஸ்கின்னர் 1923இல் காட்டினார்.

மூன்றாவதாக மண்ணைக் கேளுங்கள். இந்தப் படியைத் தாண்டாத எந்த முடிவும் நிற்காது. பசிபிக் எலியால் தானாகக் கடலைக் கடக்க முடியாது, மனிதரின் படகில்தான் வந்திருக்கும். நியூசிலாந்தில் அது கொறித்த விதைகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 1280ஆம் ஆண்டைச் சேர்ந்தவை; அதற்கு வெகுமுன்பே மனிதர் வந்ததற்கு அவை சான்று தரவில்லை. 1314ஆம் ஆண்டையொட்டி வெடித்த கஹரோவா எரிமலையின் சாம்பல் அடுக்குக்குக் கீழே, பழைய குடியிருப்புகளின் தடயம் கிடைக்கவில்லை. முன்னினத்தார் கட்டியது என்று 1996இல் பரபரப்பாகப் பேசப்பட்ட கைமனாவா சுவரும், எரிமலைப் பாறை இயற்கையாக வெடித்துப் பிளந்ததே. கதையில் வரும் செம்மயிரை விளக்கவும் வேறோர் இனம் தேவையில்லை. மாவோரிகளிடையே பரம்பரையாகவே செம்பட்டை முடி உண்டு.

முன்னினம் என்ற அந்த விளக்கத்தால் யாருக்கு ஆதாயம் என்பதையும் பாருங்கள். மாவோரிகளும் பிறரை விரட்டிவிட்டு வந்தேறியவர்களே என்று நிறுவிவிட்டால், பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட 1840ஆம் ஆண்டு வைடாங்கி ஒப்பந்தத்தின்படி அவர்கள் கேட்கும் நில உரிமை வலுவிழந்துவிடும் என்று கணக்கிடுவோர் இன்றும் உள்ளனர்.

இதே அளவுகோலைக் கொங்கு நாட்டில் வைத்தால் முடிவு வேறாக வருகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்த கல்லறைகளில் சூதுபவள மணிகளும் இரும்புப் பொருள்களும் கிடைத்தன. பதுக்கையின் பலகைக் கல்லிலுள்ள வட்டத் துளை குள்ளர் நுழைந்த வாசல் அன்று, ஈமச்சின்னத்தின் இடுதுளை. ஆகவே இங்கே பழைய மக்கள் வாழ்ந்தது உண்மை, அவர்கள் குள்ளர் என்பதுதான் கற்பனை. கண்ணெதிரே நின்ற கல்லுக்குப் பின்வந்தோர் காரணம் தேடியபோது கதை பிறந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் ஊர்க் கதையைப் பதிவுசெய்யும்போது, சொல்பவர் அதை யாரிடம், எந்த வயதில் கேட்டார் என்பதையும் குறியுங்கள். பள்ளியில் படித்த பேரன் சொன்னதையே பாட்டி திருப்பிச் சொல்வதும் உண்டு. கல்லை அசைக்காமல் அளவெடுத்து, படம்பிடித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.