நிற்கும்போது மட்டும் கார் சூடாகிறதா? நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு ஓட்டிப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இறம்பொடை ஏற்றம் முழுக்க ஒழுங்காக நின்ற சூட்டு முள், டவுனுக்குள் வாகன வரிசையில் மாட்டியதும் மெல்ல மேலே போகும். வரிசை நகர்ந்தால் இறங்கிவிடும்.

குளிர் ஊரில் இது எப்படி? ஓடும்போது எதிர்க்காற்றே, என்ஜின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடுகிறது. நின்றுவிட்டால் அந்த வேலை முழுக்க ரேடியேட்டர் காற்றாடியான பேனின் பொறுப்பு. ஏ.சி. போட்டிருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் சூடும் சேர்ந்து வரும். ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தைத்தான். ‘தேர்மோஸ்டட்டைக் கழற்றி வீசிவிடு’ என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு அது. திறக்காமல் இறுகியிருந்தால் ஏற்றத்திலேயே சூடு காட்டியிருக்கும்.

படி 1: கூலன்ட்

என்ஜினைக் குளிர வைக்கும் திரவம்தான் கூலன்ட். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது அதன் தொட்டியைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்படியே ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். என்ஜின் வழமையாக ஓடுவதே 90 பாகை அளவில். கொதிக்கவிடாமல் அழுத்தம் கொடுத்து வைத்திருப்பது அந்த மூடிதான். ரப்பர் வெடித்திருந்தால் அதே அழுத்த எண் போட்ட புது மூடி வாங்குங்கள்.

படி 2: பேன்

இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஏ.சி.யைப் போட்டால் பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் பேன் சுற்றத் தொடங்கும். அப்புறம் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். சூடு ஏறியதும் பேன் தானாகவே ஓட வேண்டும். கையும் துப்பட்டாவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. என்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் பேன் திடீரென்று சுழலும்.

ஏ.சி.க்கு ஓடுகிறது, சூட்டுக்கு ஓடவில்லை என்றால் சென்சரையோ அதன் வயரையோ பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அசையவில்லையா? பொனட்டுக்குள் இருக்கும் பியூஸ் பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். பேன் பியூஸ் எரிந்திருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால், பேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைப் பாருங்கள்; அதே எண் போட்ட வேறொரு ரிலேயைக் கழற்றி அதன் இடத்தில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதையெல்லாம் சாவியை எடுத்த பிறகு. அப்போதும் ஓடாவிட்டால் மோட்டார் போயிருக்கலாம், கராஜுக்கு விடுங்கள்.

பேன் ஓடியும் சூடு குறையவில்லை என்றால் ஒரு தாளை முன் கிரில்லில் வைத்துப் பாருங்கள். பேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் கார்களில் தாள் உள்பக்கமாக இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால், கடைசியாகக் கைவைத்தவர் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

படி 3: ரேடியேட்டர் இடுக்கு

தோட்டத்து மண் பாதையில் ஓடுகிற வண்டிகளுக்கு இது முக்கியம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சேறும் இலையும் பூச்சியும் அடைத்திருக்கும். என்ஜின் பக்கமிருந்து வெளியே, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து வழி இன்னும் அடைபடும்.

நடுவழியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், என்ஜின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியே வெளியேறும். உள்ளே வேகும், பரவாயில்லை. சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வெளியே கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனாலோ, சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தாலோ என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ‘ஹட்டன் வரைக்கும் சமாளித்துப் போய்விடலாம்’ என்று ஓட்டாதீர்கள். கரியரில் ஏற்றிக்கொண்டு போவதே செலவு குறைவு.