கேக் பாப்: முதல்முறை செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

உதிர்த்த கேக்கை க்ரீமோடு பிசைந்து உருட்டி, குச்சியில் குத்தி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுப்பதுதான் கேக் பாப். சறுக்கும்போது, முதலில் குச்சியைச் சுற்றி மெல்லிய வட்டமாக ஒரு பிளவு தெரியும். அடுத்து உருண்டை லேசாகச் சாயும். பிடிப்பதற்குள் சாக்லேட் டம்ளருக்குள் விழுந்துவிடும். கரண்டி விட்டு எடுக்கப் போனால் உருண்டை உடைந்து, உருக்கி வைத்த சாக்லேட் முழுக்கக் கேக் துகள். அதற்குப் பிறகு முக்குவதெல்லாம் சொரசொரப்பாகத்தான் வரும்.

பழி குச்சி மேலும் சாக்லேட் மேலும் விழுகிறது. ஆனால் தவறு நடந்த இடம் டம்ளர் அல்ல. கேக்கை உதிர்த்துப் பிசைந்த பாத்திரம்.

கேக் நன்றாக வெந்திருக்க வேண்டும், ஆறிய பிறகே உதிர்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

க்ரீமை அள்ளிப் போடுவது

கேக் பாப்பை 2008 வாக்கில் அமெரிக்காவில் பிரபலமாக்கியவர், பேக்கரெல்லா என்ற பெயரில் வலைப்பதிவு எழுதிய ஆஞ்சி டட்லி. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பல குறிப்புகளில் ஒரு பெட்டி கேக் மிக்ஸுக்கு ஒரு டப்பா ஃப்ராஸ்டிங் (கேக் மேல் பூசும் க்ரீம்) என்று இருக்கும். டப்பா ஒன்று ஏறக்குறைய 450 கிராம். கேக் எடையில் பாதிக்குப் பாதி க்ரீம்! அதையே அப்படியே பார்த்துச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல கேக், நல்ல வெண்ணெய், அரைக் கிலோ சாக்லேட் எல்லாம் இந்த ஒரு அளவால் வீணாவதைப் பார்க்கும்போது மனம் ஆறுவதே இல்லை.

க்ரீமின் வேலை துகள்களை ஒட்டவைப்பது மட்டும்தான். கேக்கிலேயே ஈரமும் கொழுப்பும் இருக்கின்றன. 500 கிராம் உதிர்த்த கேக்குக்கு 60 கிராம் பட்டர் க்ரீமில் தொடங்குங்கள். பிசைந்து பார்த்து, போதாவிட்டால் ஒவ்வொரு மேசைக்கரண்டியாகக் கூட்டுங்கள். வெண்ணெய் அதிகமுள்ள கேக்குக்கும் ஈரமான சாக்லேட் கேக்குக்கும் அந்த 60 கிராமே போதும். வறண்ட ஸ்பாஞ்ச் என்றால் 100 முதல் 120 கிராம் வரை போகலாம். மில்க்மெய்ட் சேர்ப்பவர்கள் இன்னும் குறைக்க வேண்டும். அது பட்டர் க்ரீமைவிட அதிகம் ஒட்டும். இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

அளவு சரியா என்பதைக் கையே சொல்லிவிடும். ஒரு பிடி கலவையை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கொழுக்கட்டை போல விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். அதை இரண்டாக உடையுங்கள். உடைந்த இடம் கேக் போலவே பொலபொலவென்று இருந்தால் சரி. களிமண் போல இழுபட்டாலோ, உள்ளங்கையில் எண்ணெய் மினுமினுத்தாலோ க்ரீம் கூடிவிட்டது என்று பொருள். கூடிய க்ரீமைத் திரும்ப எடுக்க வழியில்லை. உலர்ந்த துகளைச் சேர்ப்பது ஒன்றே வழி. அதனால் தொடங்கும்போதே இரண்டு கைப்பிடித் துகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

க்ரீம் கூடினால் ஏன் விழுகிறது? வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறையின் வெப்பமே அதற்குமேல். அதோடு 40 டிகிரிச் சாக்லேட்டில் முக்குகிறோம். குளிரில் கெட்டியாக இருந்த உருண்டை உள்ளே இளகி, குச்சியின் பிடி விடுகிறது. விழாமல் தப்பியவற்றிலும் மறுநாள் குச்சி ஓரத்தில் எண்ணெய் முத்து முத்தாகக் கசியும்.

ஃப்ரீசரில் போட்டு மறந்துவிடுவது

கெட்டிப்படட்டும் என்று இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்த உருண்டையைச் சூடான சாக்லேட்டில் முக்கினால், சாக்லேட் ஓடு நொடியில் இறுகிவிடும். உள்ளே உறைந்த உருண்டை பிறகு மெல்லச் சூடேறி விரியும். விரிய இடமில்லாமல் ஓடு நேர்கோடாகப் பிளக்கும். ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் போதும். அவசரமென்றால் ஃப்ரீசரில் 15 நிமிடம், அதன்பின் வெளியே ஐந்து நிமிடம். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், கல்லாக இருக்கக்கூடாது. ஐந்தைந்தாக வெளியே எடுங்கள். மீதி உள்ளேயே இருக்கட்டும்.

குச்சியை வெறுமனே குத்துவது

குச்சி முனையை ஒரு சென்டிமீட்டர் சாக்லேட்டில் தோய்த்து, உருண்டையின் பாதி ஆழம் வரை செருகி, ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்தச் சாக்லேட்தான் பசை. பாதியைத் தாண்டிச் செருகினால் மேலே வெடிக்கும்.

பெரிய உருண்டை

28 கிராம். அதற்குமேல் குச்சி தாங்காது. தராசில் வைத்து உருட்டினால் 500 கிராம் கேக்குக்கு இருபது, இருபத்தொன்று வரும்.

சாக்லேட்டில் செய்யும் தவறுகள்

முதல் முயற்சிக்குக் காம்பவுண்ட் சாக்லேட்டே வாங்குங்கள். கோகோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட்டை டெம்பர் செய்யாமல் (சூட்டைக் கட்டுப்படுத்தி உருக்கி ஆற்றாமல்) முக்கினால், இறுகிய பிறகு சாம்பல் நிறத் திட்டுகள் விழும், விரலிலும் ஒட்டும். காம்பவுண்டில் இருப்பது வேறு தாவரக் கொழுப்பு, உருக்கினாலே போதும். மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் 30 விநாடி, கிளறல், மறுபடி 20 விநாடி என்று போக வேண்டும். வெள்ளைச் சாக்லேட் சீக்கிரம் சூடேறித் திப்பிதிப்பியாகிவிடும், கண்ணை எடுக்காதீர்கள்.

கெட்டியாக இருக்கிறதே என்று பாலோ தண்ணீரோ ஊற்றுபவர்கள் உண்டு. சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கோகோவும் கொழுப்பில் மிதக்கும் உலர் தூள்கள். சிறிது ஈரம் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் மணல் போல் திரண்டுவிடும். ஈரக் கரண்டியும், டபுள் பாய்லரின் (கொதிநீர் மேல் வைத்து உருக்கும் பாத்திரத்தின்) ஆவியும்கூட இதைச் செய்யும். இளக்க வேண்டுமென்றால் 200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி, வாசனை நீக்கிய தேங்காய் எண்ணெய். அதைக் கூட்டினால் வெயிலில் ஓடு இறுகாது. நிறம் சேர்க்க, எண்ணெயில் கரையும் சாக்லேட் கலர் மட்டும். கேக்குக்குப் போடும் திரவக் கலரில் தண்ணீர் இருக்கிறது.

அகலக் கிண்ணம்

கூடாது. ஒடுக்கமான உயர டம்ளரில் ஊற்றுங்கள். இருபது உருண்டைக்கு ஏறக்குறைய 300 கிராம் சாக்லேட் செலவாகும். ஆனால் கடைசி உருண்டை வரை ஆழம் வேண்டும் என்பதால் 400 கிராம் உருக்க வேண்டும். நேராக ஒரே முக்கு, நேராகத் தூக்கல். உள்ளே சுழற்றவே கூடாது. குச்சியும் உருண்டையும் சேரும் இடம் வரை சாக்லேட் ஏற வேண்டும். தூக்கியதும் சாய்த்துப் பிடித்து, குச்சி பிடித்த கையின் மணிக்கட்டை மறுகையால் மெல்லத் தட்டுங்கள். குச்சியை டம்ளர் விளிம்பில் தட்டுவது வேண்டாம். உருண்டை ஆடிப் பிடி விட்டுவிடும்.

தூவுவது தாமதம்

அலங்கார நிறமணிகளை, முக்கி அரை நிமிடத்துக்குள் தூவுங்கள்.

எங்கே நிறுத்துவது

முக்கத் தொடங்கும் முன்பே தெர்மாகோல் பலகையில் துளை போட்டு வையுங்கள், துளைக்குத் துளை இரண்டு அங்குல இடைவெளி விட்டு. கையில் சாக்லேட் சொட்டும் பாப்பை வைத்துக்கொண்டு இடம் தேடும்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டும்.

ஃப்ரிட்ஜிலிருந்து நேரே விருந்துக்கு

மூடிய டப்பாவோடு வெளியே எடுத்து, அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். அப்போது ஈரம் டப்பாவின் மேல் படியும். உடனே திறந்தால் அதே ஈரம் சாக்லேட் மேல் வியர்வையாகப் படிந்து, தூவிய நிறங்கள் கரைந்து வழியும்.