சித்திரையில் நிலம் பார்த்தால் கார்த்திகையில் தெரியும்

கடலோர ஊர்களில் மனை விற்பவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் ஆளைக் கூட்டிப்போய் இடம் காட்டுவார்கள். கட்டாந்தரை, கடற்காற்று, தூரத்தில் ஐடி கட்டடம். வாங்குகிறவர் ஏமாறுவதாவது புரிகிறது. நகரத்துக்கே திட்டம் போடுகிறவர்களும் அதே வெயில்கால நிலத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்துக்கு வண்ணம் அடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே போதும்.

பெரிய தவறு, சதுப்பு நிலத்தைத் தரிசு என்று நினைப்பது. தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊர்க்காரர்கள் கழுவெளி என்பார்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த இடம். 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். இடைப்பட்ட காலத்தில் பெருங்குடி குப்பைமேடு, ரயில் நிலையம், ஆராய்ச்சி வளாகங்கள், அடுக்குமாடிகள் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. எதற்கும் உதவாத இடம் என்று நாம் நினைத்த கழுவெளிக்கு ஒரு வேலை இருந்தது. தாம்பரம் பக்கமிருந்து ஏரி ஏரியாகக் கலங்கல் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்) தாண்டி இறங்கும் உபரிநீர் இங்கே வந்து தங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடல் சேரும். கடல் கிழக்கே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் மணல்மேடு. தண்ணீர் பல கிலோமீட்டர் சுற்றித்தான் போயாக வேண்டும். அவ்வளவு நேரம் அது காத்திருக்க இடம் வேண்டாமா? கழுவெளியில் இடமில்லை என்றால் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் காத்திருக்கும்.

“கடல் பக்கத்தில்தானே இருக்கு, தண்ணி தானா வடிஞ்சிடும்” என்ற நம்பிக்கை அடுத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும். புயல் வேறு கரையை ஒட்டி நின்றால் முகத்துவாரத்தில் மழை வெள்ளத்தைக் கடல் உள்ளே வாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது அதுதான். கோடையில் முகத்துவாரங்களை மணல் மூடிவிடும் என்பது தனிக்கதை. கூவம், அடையாறு, முட்டுக்காடு எதுவும் இதற்கு விலக்கல்ல. இத்தனைக்கும் நடுவில், பறக்கும் ரயிலின் தூண்களை பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறக்கியிருக்கிறோம். கால்வாயை வெறும் காலி இடமாகப் பார்த்தால் இப்படித்தான் தோன்றும்.

மழைநீர் வடிகால் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். வடிகால் போய் விழும் கால்வாயிலேயே நீர்மட்டம் உயர்ந்து நின்றால், அதே குழாய் வழியாகத் தண்ணீர் தெருவுக்குத் திரும்பி வரும்.

சின்னதாகத் தெரிகிற தவறு ஒன்று: பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புது ரோடு போடுவது. வேளச்சேரியில் ஏதாவது ஒரு பழைய தெருவுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறவர் நான்கடி மண் கொட்டி பேஸ்மெண்ட்டை ஏற்றிக்கொள்வார். அவர் மனையில் நிற்க வேண்டிய தண்ணீர் பழைய வீட்டு ஹாலுக்குப் போகும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தெருவுக்கு மட்டம் இவ்வளவுதான் என்று வரையறுத்திருந்தால் அவர் ஏன் ஏற்றப் போகிறார்?

எனக்குக் கோபம் வருவது மறுகுடியமர்வு விஷயத்தில்தான். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லிக் குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் வைத்த இடம் பெரும்பாக்கம், அதாவது கழுவெளியின் ஓரம். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வீடு கொடுத்த செம்மஞ்சேரியிலும் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது. பிழைப்புக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளத்தை விட்டு, பிழைப்புக்குத் தூரத்தில் இருக்கிற வெள்ளத்துக்குப் போனதுதான் மிச்சம்.

கரையில் நடப்பது வேறு கணக்கு. நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஆண்டு முழுக்கப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. ஒரு குப்பத்தைக் காக்கத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால் அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போய்விடும். அடுத்து அவர்களும் தூண்டில் வளைவு கேட்பார்கள். அதேபோல வலை காயப்போடுகிற, படகு ஏற்றுகிற மணலை வரைபடத்தில் காலி இடம் என்று விட்டுவிடுவதும் பிழை. மீனவருக்கு அது தொழிற்கூடம்.

நிலத்தடி நீரைப் பற்றி இரண்டே வரி: கடலோர மணல்தான் மழையைக் குடித்து நன்னீரை வைத்திருக்கிறது. மேலே சிமெண்ட் பூசிக் கீழே போர்வெல் போட்டு உறிஞ்சினால் கடலின் உப்பு உள்ளே வரும், சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. அந்தப் புது எல்லைக்குள் ஏரியும் தாங்கல் என்கிற சிறு ஏரியும் வரத்துக்கால்வாயும் ஏராளம். அங்கே மனை பார்க்கிறவர்கள் பட்டா, அப்ரூவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஐப்பசிக் கடைசியில், மழை விட்ட மறுநாள் காலை போங்கள். பக்கத்து மதில்களில் பழைய நீர்க்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் டீக்கடையில் கேளுங்கள்.