பைனஸ் பிசினில் வெடிப்புக் களிம்பு: எடுப்பதும் காய்ச்சுவதும்

கொழுந்தெடுத்துக் காய்த்த விரலுக்கும் குளிரில் வெடிக்கும் குதிகாலுக்கும் பைனஸ் பிசின் களிம்பு நல்ல கைமருந்து. ஆனால் தோலின் மேல் பூச மட்டும்தான். கஷாயத்தில் போடுவதும், தணலில் போட்டுச் சளிக்குப் புகை பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை மூச்சுக்குழாயை எரிக்கும், இழுப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

நம் மலைகளில் நட்டிருப்பது பெரும்பாலும் கரீபியன் பைன். ஆயுர்வேதம் சரளம் என்று சொல்வது இமயமலைப் பைன். இரண்டின் பிசினிலும் இருப்பவை முக்கியமாக ரோசின் என்ற இறுகும் பகுதியும், டர்பன்டைன் என்ற ஆவியாகும் எண்ணெயும்தான். மருந்துக்கடைக் குங்கிலியம் வேறு மரத்துப் பிசின், அதை இந்த அளவில் போடாதீர்கள்.

பைனஸ் காடுகள் பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பவை. அனுமதியில்லாமல் மரத்தை வெட்டிப் பிசின் இறக்கக் கூடாது, பிசின் சேர மரத்தில் கட்டியிருக்கும் பைகளிலும் கை வைக்கக் கூடாது. பட்டையில் தானாக வழிந்து இறுகிய, வெளிறிய மஞ்சள் கட்டிகளே களிம்புக்கு ஏற்றவை. தேன்போல் ஒழுகும் புதுப் பிசினில் டர்பன்டைன் அதிகம், தோல் எரியும். காய்ந்த பைனஸ் இலை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், காட்டுக்குள் பீடியும் தீப்பெட்டியும் வேண்டாம்.

சுத்தம் செய்த பிசின் 20 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம், தேன்மெழுகு 15 கிராம். நுவரெலியாவில் மெழுகு 10 கிராமே போதும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே தானாகவே உறையும், மெழுகு கூடினால் களிம்பு கல்லாகிவிடும்.

பிசினை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். அதன் ஆவி தீப்பற்றும். சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் பழைய தகர டின்னை இறக்குங்கள். பிசின் ஒட்டினால் போகாது, அந்த டின் இனிச் சமையலுக்கு உதவாது. விறகடுப்பைவிட மின்னடுப்பு நல்லது. கதவு, யன்னல் திறந்திருக்கட்டும், லயத்துச் சின்னக் குசினியில் ஆவி சீக்கிரம் நிறைந்துவிடும். எண்ணெயும் பிசினும் சேர்த்து, தண்ணீர் மெல்லக் கொதிக்க, அரை மணி நேரம் கிண்டுங்கள். படபடவென்று தெறித்தால் பிசினில் ஈரம் இருக்கிறது, இறக்கி ஆறவிட்டு மெதுவாகத் தொடருங்கள். சூட்டோடு துணியில் வடித்தபின் மெழுகைப் போட்டுக் கரையுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பாருங்கள். விரலில் பசையாக இழுத்தால் எண்ணெயும் கொஞ்சம் மெழுகும், கட்டியாக நின்றால் எண்ணெய் மட்டும் சேர்க்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள்.

பூசுமுன் சோதனை கட்டாயம். ரோசின் ஒவ்வாமை பலருக்கு உண்டு, பிளாஸ்டர் ஒட்டினால் சிவந்து அரிப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் முன்கையின் உட்புறத்தில் பயறளவு தடவி மூன்று நாள் பார்க்க வேண்டும். இந்த அரிப்பு உடனே வராது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தெரியும்.

இரவில் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு, வெடிப்பில் மெல்லிசாகப் பூசி மேஸ் போடுங்கள். இரத்தம் கசியும் வெடிப்பு, சீழ், தீப்புண் எதிலும் பூசக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் வேண்டாம். நீரிழிவுக்காரர் காலில் சின்ன வெடிப்பு என்றாலும் கிளினிக்கில் காட்டுவதே சரி.

கையில் ஒட்டிய பிசினை டர்பன்டைனால் துடைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின் சவர்க்காரம் போட்டால் போய்விடும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை பிசினையோ டர்பன்டைனையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள், போத்தலையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.