இறுகிய கிராங்க் புல்லி போல்ட்டைக் கழற்றும் முறை

கார் எஞ்சினின் டைமிங் பெல்ட் (கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைத்துச் சுற்றவைக்கும் பெல்ட்) மாற்றும் வேலையில் அதிகம் அடம்பிடிப்பது கிராங்க் புல்லியின், அதாவது கிராங்க் தண்டின் முனையிலுள்ள பெல்ட் சக்கரத்தின், நடு போல்ட்தான். பல எஞ்சின்களில் அது 200 நியூட்டன் மீட்டருக்கும் மேலான முறுக்கு விசையில் முடுக்கப்பட்டிருப்பதோடு, புல்லியைப் பிடித்து நிறுத்தாவிட்டால் கிராங்க்கும் சேர்ந்து சுற்றிவிடும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, வண்டியை ஜாக் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். ஹோண்டாவின் பல புல்லிகளில் 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இருக்கும்; அதில் பொருந்தும் பிடிகருவியைச் செருகி, அதன் கைப்பிடியைச் சட்டத்திலோ தரையிலோ முட்டுக்கொடுத்த பின், ஆறுமுக இம்பாக்ட் சாக்கெட்டையும் (அதிக விசையைத் தாங்கும் சாக்கெட்) நீண்ட பிரேக்கர் பாரையும் (போல்ட்டை இளக்க உதவும் நீளக் கைப்பிடி) போட்டு இடஞ்சுழியாக அழுத்த வேண்டும். சாக்கெட்டுக்கும் பாருக்கும் இடையில் போடும் எக்ஸ்டென்ஷன் கம்பி நீளமாக இருந்தால் அது சாய்ந்து சாக்கெட் நழுவக்கூடும் என்பதால், பார் மாட்டும் அதன் நுனிக்கு அடியில் ஒரு ஸ்டாண்டைத் தாங்கலாக வையுங்கள். 60 சென்டிமீட்டர் பிரேக்கர் பாரின் முனையில் 50 கிலோ எடை தொங்கினால் ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். போல்ட் இளகும்போது துப்பாக்கி வெடித்தாற்போல் 'டக்'கென்று சத்தம் வரும்; உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

கேம் பூட்டுக் கம்பியையோ (கேம் தண்டு சுற்றாமல் நிறுத்தும் கம்பி) பழைய பெல்ட்டையோ நம்பி எஞ்சினைப் பிடிக்கக் கூடாது. பாரை முட்டுக்கொடுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சட்டென ஓடவிட்டு போல்ட்டைக் கழற்றும் குறுக்குவழியை நான் பரிந்துரைப்பதில்லை; இடஞ்சுழியாகச் சுற்றும் பழைய ஹோண்டா எஞ்சின்களில் அது போல்ட்டை மேலும் இறுக்கவே செய்யும். புல்லிக்குப் பின்னால் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) இருப்பதால் தீயால் சூடாக்குவதையும் தவிருங்கள்.